மாற்றுத்திறனாளி இருக்கும் வீட்டில் எதிர்காலத் திட்டம்: எங்கே தொடங்குவது, எப்படிச் செய்வது

முதலில் ஒரு தடித்த நோட்டு வாங்குங்கள். வக்கீல், வங்கி, உயில், டிரஸ்ட் எல்லாம் அப்புறம். மாற்றுத்திறனாளி ஒருவர் இருக்கும் வீட்டில் எதிர்காலம் பற்றிய பேச்சை எடுத்தால், "எனக்கப்புறம் இவனை யார் பார்ப்பா?" என்று தொடங்கி "எவ்வளவு பணம் சேர்த்து வைக்கணும்?" என்பதில் போய் நிற்கிறது, அதற்குப் பதில் தெரியாததால் பேச்சும் அங்கேயே முடிந்துவிடுகிறது, பிறகு வீட்டில் யாராவது படுத்துக்கொள்ளும் வரை அதை ஒருவரும் தொடுவதில்லை. பணமும் வேண்டும், சட்ட ஏற்பாடும் வேண்டும், இரண்டைப் பற்றியும் கீழே எழுதியிருக்கிறேன். ஆனால் அவர் நாளைக்கு எப்படி வாழ்வார் என்பது, நாளைக் காலையில் அவரை எழுப்பிப் பல் தேய்க்க வைக்கப் போகிறவருக்கு அவரைப் பற்றி எவ்வளவு தெரியும் என்பதைப் பொறுத்தது. பெரும்பாலான வீடுகளில் அந்த விவரமெல்லாம் ஒரே ஒருவரின் தலைக்குள் இருக்கிறது. அநேகமாக அம்மாவின் தலைக்குள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எதிர்காலம் என்றாலே பெற்றோரின் மரணத்தைத்தான் நினைக்கிறோம். அதற்கு முன்னால் வரக்கூடியவை எத்தனையோ இருக்கின்றன. அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறியலாம், அப்பாவை நெஞ்சுவலி என்று இரவோடு இரவாக ஆஸ்பத்திரியில் சேர்க்கலாம், தூக்கிக் குளிப்பாட்டியவரின் முதுகு ஒரு நாள் ஒத்துழைக்காமல் போகலாம். அதனால் முப்பது வருடத்துக்கான திட்டத்தைப் போடுவதற்கு முன்னால் இன்றிரவுக்கான திட்டத்தைப் போடுங்கள். இன்றிரவு உங்களால் வீட்டுக்கு வர முடியாவிட்டால் யார் வருவார், அவரிடம் சாவி இருக்கிறதா, அவருக்கு என்ன தெரியும்?

நோட்டில் என்ன எழுதுவது

தலைப்பெல்லாம் பிரித்து அழகாக எழுத வேண்டியதில்லை. காலையில் கண்விழிப்பதிலிருந்து இரவு தூங்கும் வரை ஒரு முழு நாளை அப்படியே எழுதுங்கள். பார்த்துக்கொள்பவருக்கு உட்கார்ந்து எழுத நேரம் இருக்காது, அதனால் வீட்டில் இன்னொருவர் ஒரு நாள் முழுக்கக் கூடவே இருந்து, "இப்ப ஏன் இப்படிச் செஞ்சீங்க?" என்று கேட்டுக் கேட்டு எழுதட்டும். வருடக்கணக்காகப் பழகிய கை என்னென்ன செய்கிறது என்பது செய்பவருக்கே தெரிவதில்லை. இதைப் படிக்கும் நீங்களே மாற்றுத்திறனாளி என்றால் நோட்டை நீங்கள்தான் எழுத வேண்டும், அல்லது நீங்கள் சொல்லச் சொல்ல ஒருவர் எழுத வேண்டும். உங்கள் உடம்பைப் பற்றி உங்களைவிட நன்றாக யாருக்கும் தெரியாது.

என் தங்கைக்குப் பெருமூளை வாதம், வலிப்பும் உண்டு, பேச்சு வராது. அம்மா மருத்துவமனையில் இருந்த நாட்களில் தங்கை மாத்திரையைத் துப்பிக்கொண்டே இருந்தாள். தண்ணீரில் கரைத்துப் பார்த்தோம், பழத்துக்குள் வைத்துப் பார்த்தோம், நர்ஸாக வேலை பார்த்த அத்தையே வந்து கொடுத்தும் நடக்கவில்லை. வலிப்பு மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு அடங்காமல் தொடர்ந்து வரும் ஆபத்து உண்டு என்பதால் எல்லோருக்கும் பயம். கடைசியில் போனில் அம்மாவிடம் கேட்டால், "வெறும் ஸ்பூனை முதல்ல காட்டு. அவ பார்த்துட்டுக் கண்ணை மூடித் திறப்பா. அதுக்கப்புறம் குடு" என்றார். அப்படியே செய்தோம், வாங்கிக்கொண்டாள். அம்மா இதை எங்களிடம் மறைக்கவில்லை, சொல்ல வேண்டிய விஷயம் என்றே அவருக்குத் தோன்றியிருக்கவில்லை. உங்கள் நோட்டில் இருக்க வேண்டியது இந்த மாதிரி விஷயங்கள்தான்.

வலிக்கு என்று தனியாக ஒரு பக்கம் ஒதுக்குங்கள். பேச்சு வராதவர்களுக்கு உடம்பு சரியில்லாமல் போனால் அது பெரும்பாலும் நடத்தையில்தான் தெரியும், புதிதாகப் பார்க்கும் டாக்டரோ பராமரிப்பாளரோ "இவங்க இப்படித்தான் இருப்பாங்க" என்று அதைக் குறைபாட்டின் கணக்கில் எழுதிவிடுவார்கள். பல் சொத்தை, காதுவலி, மலச்சிக்கல், சிறுநீர்த் தொற்று, மாதவிடாய் வலி எல்லாம் இப்படித் தவறிப்போகக் கூடியவை. எங்கள் நோட்டில் அந்தப் பக்கம் இப்படி இருக்கிறது:

"சாதாரணமாகக் கையைக் கடிக்க மாட்டாள். கடித்தால் எங்கோ வலிக்கிறது. முதலில் வாயைத் திறந்து ஈறு பார்க்கவும். பிறகு கடைசியாக எப்போது மலம் போனாள் என்று பார்க்கவும், மூன்று நாள் ஆகியிருந்தால் அதுதான். காதுவலி என்றால் இடது பக்கம் திரும்பிப் படுக்க மாட்டாள். சிரித்துக்கொண்டே அழுதால் பயம், வலி இல்லை. விளக்கைப் போட்டுவிட்டுப் பக்கத்தில் உட்காரவும், பேச வேண்டாம்."

மருந்துப் பக்கத்தில் பெயர், அளவு, நேரம், எதற்காக, யார் எழுதிக் கொடுத்தது, எந்த மருந்து ஒத்துக்கொள்ளாமல் போனது, அப்போது என்ன ஆயிற்று என்று எழுதுங்கள். மாத்திரையைப் பொடிக்கலாமா கூடாதா என்பதை மருந்துக்கடையில் கேட்டு எழுதுங்கள், மெதுவாகக் கரையும்படி செய்யப்பட்ட மாத்திரைகளைப் பொடித்தால் முழு மருந்தும் ஒரே நேரத்தில் உடம்பில் இறங்கிவிடும். வலிப்பு உள்ளவர் என்றால், வலிப்பு எப்படி வரும், வழக்கமாக எவ்வளவு நேரம் இருக்கும் என்று எழுதி, அதற்குக் கீழே பெரிய எழுத்தில்: நேரம் பார்க்கவும், பக்கவாட்டில் திருப்பிப் படுக்க வைக்கவும், வாயில் எதையும் வைக்க வேண்டாம், 5 நிமிடம் தாண்டினால் ஆம்புலன்ஸ்.

எழுதிப் புரியாதவற்றை போனில் வீடியோ எடுத்து வையுங்கள். சக்கர நாற்காலியிலிருந்து கட்டிலுக்கு மாற்றுவது, கைகால் இறுக்கத்துக்கான பயிற்சி, ஊட்டும்போது தலையும் முதுகும் எப்படி இருக்க வேண்டும் என்பதையெல்லாம் எத்தனை பக்கம் எழுதினாலும் விளங்காது, ஒரு நிமிட வீடியோவில் விளங்கிவிடும். ஊட்டுவது முக்கியம். விழுங்குவதில் சிரமம் இருப்பவரைச் சாய்த்துப் படுக்க வைத்து அவசரமாக ஊட்டினால் உணவு மூச்சுக்குழாய்க்குள் போய் நிமோனியா வரைக்கும் கொண்டுபோய்விடும்.

நோட்டை வருடத்துக்கு ஒரு முறை, அவருடைய பிறந்தநாளில், முழுக்கப் படித்துத் திருத்துங்கள். மருந்து மாறினால் அன்றே திருத்துங்கள். பக்கங்களைப் படமெடுத்துக் குறைந்தது இரண்டு பேருக்கு அனுப்பி வையுங்கள்.

அவரிடம் கேளுங்கள்

குடும்பம் உட்கார்ந்து அவருடைய எதிர்காலத்தைப் பேசும்போது அவர் பக்கத்து அறையில் டிவி பார்த்துக்கொண்டிருப்பதை எத்தனையோ வீடுகளில் பார்த்திருக்கிறேன். "அவனுக்குப் புரியாது" என்பார்கள், "பயந்துடுவான்" என்பார்கள். புரியாதது சில இருக்கலாம். ஆனால் தன்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்பதும், தன்னிடம் கேட்காமல் பேசுகிறார்கள் என்பதும் கட்டாயம் புரியும்.

எப்படிக் கேட்பது என்பதில்தான் சிரமம், அதற்கு வழிகள் இருக்கின்றன. "அம்மா இல்லாவிட்டால் எங்கே இருப்பாய்?" என்று எடுத்த எடுப்பில் கேட்டால் யாராலும் பதில் சொல்ல முடியாது, நம்மாலும் முடியாது. சின்னதாகக் கேளுங்கள். காலையில் யார் எழுப்பினால் பிடிக்கும், தனி அறை வேண்டுமா அல்லது இன்னொருவர் கூட வேண்டுமா, எந்தச் சத்தம் ஆகாது, யாரைப் பார்க்காமல் இருக்க முடியாது. பேச்சு வராதவருக்கு இரண்டு படங்களைக் காட்டித் தேர்ந்தெடுக்கச் சொல்லலாம். படமும் பிடிபடாதவர் என்றால் கவனித்து எழுதுவதுதான் கேட்பது: யார் வந்தால் முகம் மலர்கிறது, எந்த இடத்தில் உடம்பு இறுகுகிறது, எங்கே போனால் நன்றாகச் சாப்பிடுகிறார். இதை ஒரே நாளில் முடிக்க முடியாது, மாதக்கணக்கில் எடுக்கும், எடுக்கட்டும். தொடர்புப் பலகையோ பேசும் ஆப்போ பயன்படுத்துகிறவர் என்றால் இன்னும் இரண்டு பேராவது அதைப் பழகியிருக்க வேண்டும், ஏனென்றால் அதைப் படிக்கத் தெரிந்தவர் போய்விட்டால் அவருடைய பேச்சே நின்றுபோகும்.

நன்றாகப் பேசக்கூடிய, வேலைக்குப் போகிற, உடல் குறைபாடு மட்டும் உள்ளவர்களிடம்கூட வீடு முடிவெடுத்துவிட்டுப் பிறகு அறிவிக்கிறது. தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். அவருக்குத் தேவை, அவர் எடுக்கும் முடிவு நடப்பதற்கான ஆளும் பணமும் சாய்தளமும். முடிவெடுத்துத் தர இன்னொருவர் தேவையில்லை.

ஒருவர் போதாது

உடன்பிறந்தவர்களிடம் வெளிப்படையாகப் பேசுங்கள். பத்து வயதில் "நீதான் இவனைப் பார்த்துக்கணும்" என்று சொல்லி வைத்துவிட்டு, முப்பது வயதில் அவர் கல்யாணமாகி வேறு ஊரில் இருக்கும்போது அது அப்படியே இருக்கும் என்று நம்பிக்கொண்டிருப்பது திட்டம் ஆகாது. தனியாக உட்கார வைத்து, "உன்னால் என்ன முடியும், என்ன முடியாது?" என்று கேளுங்கள், முடியாது என்று சொன்னால் கோபிக்காமல் கேட்டுக்கொள்ளுங்கள். அவருடைய கணவனோ மனைவியோ இந்தப் பேச்சில் இருப்பது நல்லது, ஏனென்றால் அந்த வீட்டின் அன்றாடம் அவர்களையும் சேர்ந்தது. ஒரு உடன்பிறப்பாக இதைச் சொல்கிறேன்: "கூட வச்சுப் பார்த்துக்க முடியாது, ஆனா பணக் கணக்கை நான் பார்த்துக்கறேன், வாரா வாரம் வந்து பார்க்கறேன்" என்று ஒருவர் வாய்விட்டுச் சொல்ல முடிகிற குடும்பத்தில்தான், பெற்றோருக்குப் பிறகும் அவர் வந்து நிற்பார்.

பார்த்துக்கொள்வது என்பதைப் பிரித்துப் பார்த்தால் பல வேலைகள். தினப்படி கவனிப்பு ஒன்று, டாக்டரிடம் கூட்டிப்போவது ஒன்று, பணத்தை நிர்வகிப்பது ஒன்று, அரசு அலுவலகக் காகிதங்கள் ஒன்று, சும்மா வந்து பேசி சிரித்துவிட்டுப் போவது ஒன்று. கடைசியாகச் சொன்னது சின்ன விஷயம் என்று நினைக்காதீர்கள். சம்பளம் வாங்காமல், தானாக விரும்பி வந்து பார்க்கும் ஒருவர் இருக்கும் மாற்றுத்திறனாளியிடம் யாரும் அத்தனை எளிதில் கைநீட்டத் துணிய மாட்டார்கள்.

கனடாவில் ஜூடித் ஸ்னோ என்ற பெண், கை கால் அசைக்க முடியாதவர், முதியோர் பராமரிப்பு இல்லம் ஒன்றில் கிடந்து உடம்பு மிகவும் மோசமானபோது, 1980 வாக்கில் அவருடைய நண்பர்கள் ஒரு குழுவாகச் சேர்ந்து அவரை அங்கிருந்து வெளியே கொண்டுவந்து, தன் வீட்டில் தன் உதவியாளர்களோடு வாழ வழி செய்தார்கள். ஆதரவு வட்டம் என்று இன்று பல நாடுகளில் சொல்லப்படும் முறைக்கு அது ஒரு முன்னோடி. 1989-ல் வான்கூவரில் சில பெற்றோர்கள் சேர்ந்து பிளான் என்ற அமைப்பைத் தொடங்கினார்கள், ஒவ்வொரு மாற்றுத்திறனாளியைச் சுற்றியும் அப்படி ஒரு வட்டத்தைக் கட்டிக் காப்பாற்றுவதுதான் அதன் முக்கிய வேலை. உங்களுக்கு அமைப்பெல்லாம் வேண்டியதில்லை. நான்கைந்து பேர் போதும், வருடத்துக்கு நான்கு முறை கூடினால் போதும், கூட்டத்தின் நடுவில் அவர் இருக்க வேண்டும். உறவினரை மட்டும் வைத்து நிரப்பாதீர்கள், அவருடைய பழைய டீச்சர், அவரோடு படித்தவர், பக்கத்து வீட்டுக்காரர் என்று வெளியாட்களும் இருக்கட்டும். உங்கள் வயதுக்காரர்களாகவே சேர்த்தால் அவர்களுக்கும் உங்களோடு சேர்ந்து வயதாகும், அதனால் இளையவர்கள் இரண்டு பேராவது வேண்டும்.

எங்கே வாழ்வது

உடன்பிறந்தவர் வீடு, சொந்த வீட்டிலேயே சம்பள உதவியாளர், நான்கைந்து பேர் சேர்ந்து வாழும் சிறு வீடு, பெரிய விடுதி என்று வழிகள் இருக்கின்றன, ஊருக்கு ஊர் கிடைப்பது வேறுபடும். எதைத் தேர்ந்தெடுத்தாலும் ஒத்திகை பார்க்காமல் தேர்ந்தெடுக்காதீர்கள். முதலில் நீங்கள் வீட்டில் இருக்கும்போதே இன்னொருவர் எல்லாவற்றையும் செய்யட்டும், நீங்கள் குறுக்கே போகாதீர்கள். பிறகு சில மணி நேரம் வெளியே போங்கள். பிறகு ஓர் இரவு, பிறகு சனி ஞாயிறு, பிறகு ஒரு வாரம். முதல் இரவு அழுவார், நீங்களும் அழுவீர்கள், பரவாயில்லை. ஒவ்வொரு ஒத்திகைக்குப் பிறகும் எங்கே தடுமாறியது என்று நோட்டில் சேர்க்க வேண்டியதைச் சேருங்கள்.

விடுதியோ இல்லமோ பார்க்கப் போனால் அலுவலக அறையில் உட்கார வைத்துப் பேசி அனுப்புவதை ஒப்புக்கொள்ளாதீர்கள். சாப்பாட்டு நேரத்தில் போங்கள், ஒரு முறை சொல்லாமல் போங்கள். ஊட்டுபவர் அவருடைய முகத்தைப் பார்த்து ஊட்டுகிறாரா, சுவரைப் பார்த்து ஊட்டுகிறாரா? கழிவறைக்குக் கதவு இருக்கிறதா? இரவில் எத்தனை பேருக்கு எத்தனை ஊழியர்? ஊழியர்கள் எவ்வளவு காலமாக இருக்கிறார்கள், வருடத்துக்கு வருடம் எல்லா முகமும் மாறுகிறதா? அங்கே வாழ்கிறவர்களின் பணத்தை யார் கையாள்கிறார், கணக்கு யாருக்குக் காட்டப்படுகிறது? உறவினர் எப்போது வேண்டுமானாலும் வரலாமா? பெண்களுக்கும் பேச முடியாதவர்களுக்கும் தனிப்பட்ட கவனிப்பை யார் செய்கிறார், புகார் வந்தால் என்ன செய்வார்கள்? கடைசியாக ஒரு கேள்வி, பலர் கேட்க மறப்பது: அவருக்கு அறுபது வயதாகிப் படுக்கையில் விழுந்தால் இங்கேயே வைத்துக்கொள்வீர்களா, வெளியே அனுப்பிவிடுவீர்களா? பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

என் கருத்து இது, உறவினர்கள் சிலருக்குப் பிடிக்காது: வேறு இடத்தில் வாழப் போகிறார் என்பது முடிவானால், நீங்கள் நடமாட்டத்தோடு இருக்கும்போதே போகட்டும். அம்மாவை இழந்த அதே வாரத்தில் வீட்டையும் அறையையும் கட்டிலையும் இழப்பது யாருக்கும் நடக்கக் கூடாது. நீங்கள் இருக்கும்போதே போனால் சரியில்லாததைச் சரிசெய்ய நீங்கள் இருப்பீர்கள், ஒத்துவராவிட்டால் திரும்பக் கூட்டிவரவும் முடியும்.

பணம்

முதலில் கணக்கு. இப்போது அவருக்காக மாதம் என்ன செலவாகிறது என்று மூன்று மாதம் எழுதிப் பாருங்கள், அதோடு இப்போது நீங்கள் சம்பளம் இல்லாமல் செய்யும் வேலைக்கு ஆள் வைத்தால் என்ன ஆகும் என்பதைச் சேருங்கள். பெரும்பாலான வீடுகளில் இந்த இரண்டாவது தொகை முதல் தொகையைவிடப் பெரியது, அதைக் கணக்கில் எடுக்காமல்தான் "இவ்வளவு போதும்" என்று நினைக்கிறார்கள். ஏதோ ஒரு இன்சூரன்ஸ் ஏஜென்ட் சொன்ன தொகையை நம்பிப் பாலிசி போடுவதற்கு முன்னால் இந்தத் தாள் கையில் இருக்கட்டும்.

அடுத்தது, சொத்தை அவர் பெயரில் நேரடியாக எழுதிவிட அவசரப்படாதீர்கள். இரண்டு காரணம். ஒன்று, தானாக நிர்வகிக்க முடியாதவர் பெயரில் பெரிய சொத்து இருந்தால் யார் வேண்டுமானாலும் கைரேகை வாங்கிவிட முடியும். இன்னொன்று, வருமானமும் சேமிப்பும் குறைவாக இருப்பவருக்குத்தான் உதவித்தொகை என்று பல நாடுகளில் விதி உண்டு. அமெரிக்காவில் எஸ்எஸ்ஐ உதவித்தொகை வாங்கும் தனிநபர் பெயரில் பொதுவாக 2,000 டாலருக்கு மேல் இருக்கக் கூடாது, பிரிட்டனில் யுனிவர்சல் கிரெடிட் என்ற உதவித்தொகைக்கு 16,000 பவுண்டு வரம்பு. அன்போடு எழுதி வைத்த பணமே மாதாந்திர உதவியை நிறுத்திவிடக் கூடும். இதற்காகத்தான் சிறப்புத் தேவை டிரஸ்ட் என்ற ஏற்பாடு: பணம் டிரஸ்ட்டுக்குச் சொந்தம், அவருக்காக மட்டும் செலவாகும், அவருடைய சொத்தாகக் கணக்கில் வராது. கனடாவில் இதே மாதிரியான ஒன்றை ஹென்சன் டிரஸ்ட் என்கிறார்கள், அங்கே 2008 முதல் ஆர்டிஎஸ்பி என்ற மாற்றுத்திறனாளிகளுக்கான சேமிப்புத் திட்டமும் இருக்கிறது, அதில் அரசும் பணம் போடும். அமெரிக்காவில் 2014-ல் வந்த ஏபிள் சட்டத்தின்படி மாற்றுத்திறனாளிகளுக்கான தனிச் சேமிப்புக் கணக்கு தொடங்கலாம், 26 வயதுக்கு முன் குறைபாடு ஏற்பட்டவர்களுக்கு மட்டும் என்றிருந்ததை 2026 முதல் 46 வயது என்று ஆக்கியிருக்கிறார்கள். தனியாக டிரஸ்ட் அமைக்க வசதி இல்லாத குடும்பங்களுக்காக சிங்கப்பூரில் அரசு ஆதரவோடு ஒரு சிறப்புத் தேவை டிரஸ்ட் நிறுவனமே நடக்கிறது. இந்தியாவில் அரசு ஊழியரின் பிள்ளை குறைபாட்டால் சம்பாதிக்க முடியாதவர் என்றால் பெற்றோருக்குப் பிறகு வாழ்நாள் முழுக்கக் குடும்ப ஓய்வூதியம் பெற வழி உண்டு, அதை ஓய்வூதிய ஆவணத்தில் முன்கூட்டியே பதிவு செய்து வைத்தால் பிறகு அலைய வேண்டியிருக்காது.

உங்கள் நாட்டில் எது பொருந்தும் என்பதை இந்தத் துறை தெரிந்த வக்கீலிடம்தான் கேட்க வேண்டும். சாதாரண உயில் மட்டும் எழுதுபவர் போதாது, "மாற்றுத்திறனாளிக்காக டிரஸ்ட் எத்தனை எழுதியிருக்கிறீர்கள்?" என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

இன்சூரன்ஸ், வருங்கால வைப்புநிதி, வங்கிக் கணக்கு ஆகியவற்றின் நாமினி பெயர்களை ஒரு நாள் உட்கார்ந்து சரிபாருங்கள். பல நாடுகளில் அந்தப் பணம் உயிலின் வழியாகப் போகாது, நேராகப் பெயர் உள்ளவருக்குப் போகும், ஆக அருமையான டிரஸ்ட் ஒன்றை எழுதி வைத்துவிட்டுப் பாலிசியில் பிள்ளையின் பெயரைப் போட்டு வைத்திருந்தால் டிரஸ்ட் காலியாகவே இருக்கும். தாத்தா பாட்டியிடமும் சொல்லி வையுங்கள், பேரன் மேல் உள்ள பாசத்தில் அவர்கள் நேரடியாக எழுதிவிடுவார்கள்.

பணத்தைப் பார்ப்பவரும் ஆளைப் பார்ப்பவரும் ஒரே நபராக இருக்க வேண்டாம். எத்தனை நல்லவராக இருந்தாலும் வேண்டாம். இருவர் இருந்தால் ஒருவர் மற்றவரைக் கேட்க முடியும், நல்லவர்களுக்கும் அது பாதுகாப்பு. டிரஸ்டிக்கு, அதாவது டிரஸ்ட் பணத்தை நிர்வகிப்பவருக்கு, ஒன்றுக்கு இரண்டு மாற்றுப் பெயர்களை எழுதி வையுங்கள்.

சட்டம்

பெரும்பாலான நாடுகளில் பிள்ளைக்கு 18 வயது ஆனதும் பெற்றோர் சட்டப்படி அவருக்காகக் கையெழுத்துப் போடும் உரிமை முடிந்துவிடுகிறது. குறைபாடு எவ்வளவு தீவிரமாக இருந்தாலும் அப்படித்தான். ஆஸ்பத்திரியிலோ வங்கியிலோ யாராவது கேட்கும்போதுதான் வீட்டுக்கு இது தெரிய வருகிறது. 17 வயதிலேயே விசாரிக்கத் தொடங்குங்கள்.

உடனே முழுப் பாதுகாவலர் உரிமைக்கு விண்ணப்பிக்கத் தோன்றும். கொஞ்சம் நிதானியுங்கள். 2006-ல் ஐநா பொதுச்சபை ஏற்ற மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 12-ஆவது பிரிவு, எல்லோரையும் போல அவர்களுக்கும் சட்டத்தின் முன் முடிவெடுக்கும் உரிமை உண்டு, அதைப் பயன்படுத்தத் தேவையான துணையை அரசு தர வேண்டும் என்கிறது. அதை ஒட்டிப் பல நாடுகளில் சட்டம் மாறிக்கொண்டிருக்கிறது. பெரு நாடு 2018-ல் மாற்றுத்திறனாளிகளின் முடிவுரிமையை எடுத்துவிடும் பழைய முறையை நீக்கியது. அயர்லாந்தில் 1871-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி முடிவுரிமையை எடுத்துவந்த முறைக்குப் பதிலாக, துணையோடு முடிவெடுப்பதற்காக 2015-ல் இயற்றிய புதிய சட்டம் 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. இந்தியாவில் 1999-ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின் கீழ் ஆட்டிசம், பெருமூளை வாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கு மாவட்டக் குழு மூலம் பாதுகாவலரை நியமிக்கலாம், 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டமோ அவரோடு சேர்ந்து முடிவெடுக்கும் வரையறுக்கப்பட்ட பாதுகாவலர் முறையைச் சொல்கிறது. எந்த விஷயத்துக்கு உதவி தேவையோ அந்த விஷயத்துக்கு மட்டும் ஏற்பாடு செய்யுங்கள். பணத்தை எண்ணத் தெரியாதவருக்கு யாரோடு நட்பாக இருக்க வேண்டும் என்பது நன்றாகவே தெரிந்திருக்கலாம்.

காகிதங்களைப் பற்றி நீட்ட வேண்டாம். குறைபாட்டுச் சான்று, அடையாள அட்டை, பிறப்புச் சான்று, மருத்துவ அறிக்கைகள், உயிலும் டிரஸ்ட் பத்திரமும் ஒரே கோப்பில், அது எங்கே இருக்கிறது என்பது இரண்டு பேருக்குத் தெரிந்து, புதுப்பிக்க வேண்டிய தேதிகள் அட்டையின் உள்பக்கத்தில்.

அவருக்கும் வயதாகும்

திட்டம் போடும்போது அவரை இப்போது இருக்கும் வயதிலேயே நிறுத்தி யோசிக்கிறோம். அமெரிக்காவில் டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களின் சராசரி ஆயுள் 1983-ல் 25 வயது, இன்று ஏறக்குறைய 60. பெற்றோருக்கு முன்னால் பிள்ளை போய்விடும் என்று டாக்டர்கள் சொன்ன காலம் ஒன்று இருந்தது, இப்போது பெரும்பாலும் பெற்றோருக்குப் பிறகு பல வருடம் வாழ்வார்கள். அதோடு டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களுக்கு அல்சைமர் நோய் மற்றவர்களைவிட முன்கூட்டியே, ஐம்பதுகளிலேயே, வரும் வாய்ப்பு அதிகம். காரணம், அந்த நோயோடு தொடர்புள்ள புரதத்துக்கான மரபணு இருப்பது 21-ஆவது குரோமோசோமில், அவர்களுக்கு அது மூன்று பிரதி. அதனால் முப்பது வயதில் அவருக்கு என்னென்ன தானாகச் செய்யத் தெரியும் என்று தேதி போட்டு எழுதி, வீடியோவும் எடுத்து வையுங்கள். பிற்காலத்தில் டாக்டர் "முன்னாடி இதெல்லாம் செய்வாரா?" என்று கேட்கும்போது பதில் சொல்ல நீங்கள் இருக்க மாட்டீர்கள்.

மரணத்தைப் பற்றியும் அவரிடம் பேச வேண்டும். தூங்குகிறார், ஊருக்குப் போயிருக்கிறார், சாமிகிட்ட போயிட்டார் என்றெல்லாம் சொன்னால் அவர் வாசலைப் பார்த்துக் காத்திருப்பார், அல்லது தூங்கவே பயப்படுவார். "தாத்தா செத்துட்டார். இனிமே வர மாட்டார்" என்று நேரடியான சொற்களில் சொல்லுங்கள். தெரிந்தவர், தூரத்து உறவு என்று சாவுகள் வரும்போது அவரைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டுப் போகாதீர்கள், வர விரும்பினால் கூட்டிப்போங்கள், பார்க்கட்டும், அழட்டும். அம்மாவோ அப்பாவோ போகும் நாள் அவர் பார்க்கும் முதல் சாவாக இருக்கக் கூடாது. அந்தச் செய்தியை யார் சொல்வது, அன்றிரவு யார் கூடப் படுப்பது, மாத்திரை யார் பொறுப்பு என்பதை இப்போதே பேசி, அந்த மூவரிடமும் சொல்லி வையுங்கள். அதன் பிறகு சில மாதங்களுக்கு அறையையோ பயிற்சி மையத்தையோ மாற்றாமல் இருக்கட்டும், வீட்டை விற்கும் பேச்சும் தள்ளிப்போகட்டும்.

துக்கம் உடனே வெளியே தெரியாமல் மாதங்கள் கழித்து வருவது அறிவுசார் குறைபாடு உள்ளவர்களிடம் சாதாரணம். சாப்பாடு குறையும், ராத்திரி எழுந்து நடப்பார், பழகியிருந்த விஷயங்கள் விட்டுப்போகும், கோபம் வரும். அப்போது டாக்டரிடம் கூட்டிப்போகிறவர், "இவருடைய அம்மா நான்கு மாதத்துக்கு முன்னால் இறந்துபோனார்" என்பதை முதல் வாக்கியமாகச் சொல்ல வேண்டும், தூக்க மாத்திரையின் அளவைக் கூட்டுவது பற்றிய பேச்சு அதற்கப்புறம்தான்.